எட்டாம் மாதப் பிள்ளையின் இதயம்

37 வாரம் நிறையும் முன் பிறப்பது குறைப்பிரசவம். நம் காலனிகளில் ‘எட்டு மாசத்துப் பிள்ளை’ என்போம், பிழைத்ததும் மறந்துவிடுவோம். உடம்பு மறப்பதில்லை. சிறுநீரக வடிகட்டிகள் ஏறத்தாழ 36 வாரம் வரை கருவில் உருவாகின்றன. முந்திப் பிறந்தால் அவை குறையலாம், இதயத் தசையின் அமைப்பும் மாறலாம். இளவயதிலேயே பிரஷர் ஏற வாய்ப்பு அதிகம்.

ஸ்வீடனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புப் பதிவுகளை ஆராய்ந்ததில், 30 வயதைத் தாண்டிய குறைப்பிரசவப் பிள்ளைகளுக்கு இதயக்குழாய் நோய் கூடுதலாக இருந்தது. அங்கே பதிவு இருக்கிறது. வயிற்றுப்பிள்ளையோடு நாற்று நட்டு, குடிசையிலேயே பெற்ற நம் அம்மாக்களிடம் ஏது சீட்டு? நினைவு மட்டும்தான். ரத்தசோகையும் கடும் உழைப்பும் குறைப்பிரசவ வாய்ப்பைக் கூட்டுபவை. அவை யார் வீட்டில் அதிகம் என்று சொல்லவேண்டுமா?

அம்மாவிடம் இப்போதே கேட்டு வைப்போம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் பிரஷர் பார்க்க வரும்போது அதையும் சொல்வோம்.