இயந்திரம் வாய்தவறிச் சொல்வது

கொம்பனித்தெரு என்று நாம் சொல்லும் இடத்தை ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத்தீவு என்றே எழுதி வந்தார்கள். ஒல்லாந்தர் தமது அடிமைகளை அடைத்து வைத்த இடம் இது. தமிழ்ப் பெயர் மறைத்ததை ஆங்கிலப் பெயர் சொல்லிவிடுகிறது. மனதிலும் இப்படித்தான் என்றார் வியன்னா வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட். உள்ளே அமுக்கியது அழிவதில்லை. கனவாகவோ வாய்தவறிய சொல்லாகவோ தலைகாட்டும். அது கிடக்கும் இடத்தை நனவிலி மனம் என்பார்கள்.

கணினிக்கு மனமில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவது, மனிதர் எழுதிக் குவித்தவற்றை வாசித்துப் பழகியது. நாம் வெளியில் சொல்லத் தயங்கும் பாகுபாடுகளும் அந்தக் குவியலில் கிடக்கின்றன.

அயலிலுள்ள சகோதரிகளுக்கு நான் விண்ணப்பக் கடிதம் எழுதிக் கொடுப்பதுண்டு. போரில் கணவரை இழந்து, பிள்ளைகளுடன் வடக்கிலிருந்து வந்த ஒருவருக்காக, "குடும்பத் தலைவர் இவரே, இவரது உழைப்பிலேயே மூன்று பிள்ளைகளும் படிக்கிறார்கள்" என்று எழுதி, கைத்தொலைபேசியில் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அவர் ஆணாகிவிட்டார்! "அவர் ஒரு தாதி" என்று போட்டதும் பெண் வந்தாள். எமது 'அவர்' என்ற மரியாதைச் சொல்லில் ஆண் பெண் பேதம் கிடையாது. தலைமைக்கு ஆணையும் பணிவிடைக்குப் பெண்ணையும் இயந்திரம் தான் வாசித்த எழுத்துகளிலிருந்தே எடுத்துப் போட்டது. வாய் அதனுடையது, நினைப்பு எங்களுடையது.

பெரிய நிறுவனங்களிலும் இது நடந்திருக்கிறது. வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க அமேசன் நிறுவனம் 2014இல் ஒரு கணினி முறையை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டு கால விண்ணப்பங்களைக் கொடுத்து அதைப் பழக்கினார்கள், பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களை அது கீழே தள்ளியதாக 2018 ஒக்டோபரில் ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அந்தச் சொற்களைக் கவனிக்காதபடி திருத்தினார்கள். வேறு வழியில் பாகுபாடு புகாது என்று உறுதிகூற முடியவில்லை. திட்டமே கைவிடப்பட்டது. சொல்லை அமுக்கினால் நினைப்பு போய்விடுமா?

ஆகவே சகோதரிகளே, இயந்திரம் மாற்றிய கடிதத்தில் ஒப்பமிடுமுன், ஆங்கிலமோ சிங்களமோ தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடையாள அட்டையில் பெண்ணும் கடிதத்தில் ஆணுமாக இருந்தால், அலைச்சல் உங்களுக்குத்தான். எழுதும்போதே 'இவர்' என்பதோடு நிறுத்தாமல், 'குடும்பத் தலைவியான இப்பெண்' என்று போட்டுவிடுங்கள்.