நாவில் வாழ்ந்த மறை

மாத்தளைக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் பெருஞ்சாலையோரம் பாறைகளிடையே அமைந்துள்ளது அலுவிகாரை. பௌத்த மறையாகிய திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில், முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது மரபு.

அதற்குமுன் மறைக்கு ஏடு மனிதர் நாவே. பாணகர் எனப்பெற்ற துறவியர் பகுதி பகுதியாக மனனஞ் செய்து மாணாக்கருக்கு ஓதுவித்தனர். ஆசிரியர் நீடு வாழ்ந்தால் நூலும் வாழும்; அவர் மாணாக்கரின்றி மறைந்தால் நூலும் மறையும்.

போரும் பஞ்சமும் வந்தன. துறவியர் பலர் மடிந்தனர். அப்பேரிடர்க் காலத்தில் 'மகாநித்தேசம்' என்னும் நூலை முற்றும் ஓதவல்லவர் ஒருவரே எஞ்சினார் என்று விநய உரை கூறுகிறது. அவரோ ஒழுக்கங் குன்றியவர் எனப் பழிக்கப்பட்டவர். அவரிடம் பாடங் கேட்க மகாரக்கிதர் மறுத்தார். தாமும் உடனிருப்பதாக மூத்த தேரர் மகாதிபிடகர் உறுதி கூறிய பின்னரே இசைந்து, இரவும் பகலும் ஓயாது கற்றார். இறுதி நாளில் அப்பழி மெய்யே என்று கண்ணாரக் கண்டு வருந்தினார். ஆயினும் தேரர் பலர் அவரிடமே கற்று, அந்நூலை நிலைபெறச் செய்தனர். இதனை மூடி மறைக்காத உரையாசிரியரின் நேர்மை போற்றத்தக்கது.

இத்தகைய அச்சமே அலுவிகாரையில் ஓலையையும் எழுத்தாணியையும் எடுக்கச் செய்தது. ஓலைக்கும் அழிவுண்டு: 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியில் இங்கிருந்த ஏடுகள் அழிந்தன. துறவியர் மீண்டும் எழுத அமர்ந்தனர்.