கூட்ட அறிவிப்புக்கு எழுபது இடம்

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் செயலாளர் வேலை முடிந்ததா? நிகழ்ச்சி நிரல், வரவு செலவுக் கணக்கு, தீர்மான நகல் எல்லாவற்றையும் சுமக்க அதைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் உறுப்பினர் அதைத் திறந்து பார்க்க வேண்டுமே! சில நேரம் ஸ்பேம் பெட்டியிலேயே கிடந்துவிடும். கூடவே ஓர் எஸ்.எம்.எஸ். போவது இதனால்தான்.

எஸ்.எம்.எஸ்.ஸுக்கு டேட்டா பேக் தேவையில்லை. பட்டன் போனுக்கும் வரும். போன் அணைந்திருந்தால் தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையம் அதை வாங்கி வைத்திருந்து, பிறகு சேர்ப்பிக்கும். அழைப்புகளை இணைப்பதற்காகக் கோபுரமும் போனும் தமக்குள் பேசிக்கொள்ளும் சமிக்ஞைத் தடத்தில் செல்லும்படிதான் இதை முதலில் வடிவமைத்தார்கள். தடம் குறுகலானது. எனவே ஒரு செய்திக்கு 140 பைட்டுதான்.

ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் 1985-இல் தட்டச்சுப் பொறியில் மனம்போன போக்கில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்து போதும் என்றார். எழுத்துக்கு 7 பிட் என்று அடுக்கினால் 140 பைட்டில் சரியாக 160 அடங்கும். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழுக்கு 16 பிட் வேண்டும். ஆக, 70 இடம்தான். அதிலும் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனி இடம் கேட்கும். ‘கூட்டம்’ நமக்கு 4 எழுத்து, யூனிகோடுக்கு 7. ‘பேரன்புடையீர், வணக்கம்’ என்று பணிவாகத் தொடங்கினாலே 22 போயிற்று! 70-ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை ஒட்டும் குறிப்பும் இடம்பிடிப்பதால் ஒவ்வொன்றிலும் 67தான் மிஞ்சும். திரையில் ஒரே செய்தியாகத் தெரிந்தாலும் கட்டணம் துண்டுக் கணக்கில்தான்.

‘பொதுக்குழு ஞாயிறு காலை 10 மணி, சங்க அரங்கு. விவரம் மின்னஞ்சலில்.’ இது 64. இதற்கு மேல் எஸ்.எம்.எஸ்.ஸில் எழுத வேண்டியதில்லை என்பது என் கட்சி. தீர்மானங்களை அதில் திணிப்பது வீண்செலவு.

இந்தியாவில் மொத்தமாக அனுப்ப இன்னொரு வேலையும் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி சங்கத்தின் விவரம், அனுப்புநர் பெயர், செய்தி வாசகம் மூன்றையும் தொலைபேசி நிறுவனங்களின் டி.எல்.டி. எனும் பதிவுத் தளத்தில் முன்பே பதிய வேண்டும். தேதி, நேரம், இடம் போல மாறுகிறவற்றுக்குக் காலியிடம் விடலாம். பதியாத வாசகம் போய்ச் சேராது. அதனால் அழைப்பு வாசகத்தோடு நிறுத்தாமல், மழையால் இடம் மாறினால் அனுப்ப வேண்டிய வாசகத்தையும் இப்போதே பதிந்து வையுங்கள். கூட்டத்தன்று காலையில் அதற்கு நேரமிருக்காது.