கொடி தளதளன்னு இருக்கு... காய் எங்கே?

"சுரைக்கொடி மாடிப் பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கு. பூவும் கொட்டிக் கிடக்கு. ஆனா ஒரு காய்கூட நிக்கலையே!" வீட்டுத் தோட்டம் போட்டவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. உடனே என்ன செய்கிறோம்? இன்னும் ஒரு கைப்பிடி யூரியா! வினையே அதுதான். தழைச்சத்து கூடக்கூட இலை பெரிசாகும், கொடி கொழுக்கும், பூப்பது தள்ளிப்போகும். நல்ல பெரிய காய் வேண்டுமா? உரப்பையை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பூவைப் பாருங்கள்.

சுரையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பெண் பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்களே. அவை உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள்.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுகிறதா? பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றுதான் அர்த்தம். பூசணி விடிகாலையில் மலரும்; தேனீக்கள் வேலையை முடித்துவிடும். சுரையோ சாயங்காலம் மலர்ந்து மறுநாளே வாடிவிடும். அந்தியில் பறக்கும் விட்டில் பூச்சிகள் வந்தால்தான் உண்டு. மூன்றாவது மாடிக்கு அவை எத்தனை வரும், சொல்லுங்கள்! அந்த வேலையை நீங்களே செய்துவிடலாம். விளக்கு வைக்கிற நேரத்தில், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ என்றால் இன்னும் நல்லது. அரைகுறையாகச் சேர்ந்தால் காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாகிவிடும். நாலைந்து நாளில் பிஞ்சு பருக்க ஆரம்பித்தால் ஜெயித்துவிட்டீர்கள்!

கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம். தொட்டியில் வளர்கிற கொடியில் ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று காய்க்கு மேல் விடாதீர்கள். தண்ணீர் ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று இருக்கக் கூடாது. தொட்டி மண்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

அதற்காக, 'இன்னும் பெரிசாகட்டும்' என்று கொடியிலேயே விட்டுவைக்காதீர்கள். நகம் சுலபமாக இறங்குகிற பதத்தில் பறித்துவிட வேண்டும். முற்றிய காய் கொடியில் தொங்கினால் அடுத்த பிஞ்சுகள் தேங்கிவிடும்.

பறித்த காயைச் சமைக்கும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நறுக்கும்போது பச்சையாக ஒரு துளி எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக்காயையும் குப்பையில் போடுங்கள். 'நம்ம வீட்டுக் காய், மருந்தே அடிக்கலை' என்று மனசு கேட்காதுதான்! ஆனால் அந்தக் கசப்பு, குக்குர்பிட்டாசின் என்கிற நச்சுப்பொருள். வேகவைத்தாலும் போகாது, தேனும் எலுமிச்சையும் கசப்பை மறைக்குமே தவிர, நச்சை முறிக்காது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழந்தவர்களே உண்டு. இதை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அந்தக் குழு எச்சரித்தது. காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிற தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள். குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி என்றால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கசந்த கொடியிலிருந்து விதை எடுத்துவைக்காதீர்கள். குப்பைமேட்டில் தானாக முளைத்த சுரையையும் 'சும்மா கிடைச்சதுதானே' என்று பந்தலில் ஏற்ற வேண்டாம்.