கட்டிடக்கலை மாணவர் வடிவமைப்புப் போட்டிகள்

கட்டிடக்கலை மாணவர் வடிவமைப்புப் போட்டிகள் என்பன, தரப்பட்ட தேவைக்கும் நிலத்துக்கும் ஏற்ற வடிவமைப்புகளை மாணவர்கள் உருவாக்கி, நடுவர் குழுவின் மதிப்பீட்டுக்கு அனுப்பும் போட்டிகள் ஆகும். இவற்றில் வெல்வோர் சிலரே எனினும், பலர் பங்கேற்கின்றனர்.

பங்கேற்பதற்கான காரணங்கள்

வகுப்பில் மாணவர் தமது வடிவமைப்பை ஆசிரியருக்கு நேரில் விளக்கலாம். பல போட்டிகளில் அதற்கு இடமில்லை. பெயருக்குப் பதிலாக எண் இடப்பட்ட வரைபடங்களே நடுவர்களைச் சென்றடைகின்றன. எடுத்துக்காட்டாக, சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் மீன் சந்தை ஒன்றை வடிவமைப்பது போட்டியின் பொருளாயின், படகுகளை ஏற்றும் மணற்பரப்பு, வலை உலர்த்தும் இடம், உப்புக்காற்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் ஆகியவற்றுக்கான தீர்வு வரைபடத்திலேயே தெளிவாகத் தெரியவேண்டும். இப்பயிற்சியே பங்கேற்பின் முதன்மைப் பயன்.

பெயர் மறைக்கப்படுவதால் அறிமுகமற்றவர்களுக்கும் சமவாய்ப்புக் கிடைக்கிறது. 1981 இல் வாசிங்டனில் அமையவிருந்த வியட்நாம் போர்வீரர் நினைவகத்துக்கான போட்டியில் 1,421 வடிவமைப்புகள் பங்குபெற்றன. அதில் வென்றவர், யேல் பல்கலைக்கழக மாணவியான 21 வயது மாயா லின். அவரது வடிவமைப்பின்படி நினைவகம் 1982 இல் கட்டி முடிக்கப்பட்டது.

இந்தியாவில்

1957 இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டிடக்கலை மாணவர் சங்கம் (நாசா இந்தியா) கல்லூரிகளுக்கிடையே போட்டிகளை நடத்துகிறது. இவற்றுள் லூயிஸ் கான் கோப்பை, இருக்கும் கட்டிடங்களையும் குடியிருப்புகளையும் அளந்து ஆவணப்படுத்துவதற்கு உரியது.

குறைகள்

மாணவர் போட்டிகளில் தேர்வாகும் வடிவமைப்புகள் பெரும்பாலும் கட்டப்படுவதில்லை. பரிசு பெறாத உழைப்புக்கு ஊதியமும் இல்லை. எனினும், அவ்வரைபடங்கள் மாணவரின் பணித்தொகுப்பில் இடம்பெற்று, வேலைக்கும் மேற்படிப்புக்கும் விண்ணப்பிக்கையில் உதவுகின்றன.