உஷார்! கால் மதமதக்கிறதா? பேஸ்ட் டின்னைப் பாருங்கள்

நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. நாலடி தாண்டி, தரை சுட்ட பிறகுதான் தெரிகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் வேலை பார்ப்பவர்களே, வீட்டுக்கு வாங்கிவந்து ஒட்டிக்கொடுக்கும் அக்கா, தங்கைகளே! இப்படி நடந்தால் அசதி என்று விட்டுவிடாதீர்கள். ஒட்டும் சொல்யூஷன் நரம்பைத் தின்ன ஆரம்பித்திருக்கலாம்.

சட்டென்று காய்வதற்காகப் பசையில் சேர்க்கும் கரைப்பான்களில் ஒன்று என்-ஹெக்ஸேன். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகிறது. கல்லீரல் அதைச் சிதைக்கும்போது 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற நஞ்சாக மாறுகிறது. நீளமான நரம்புகளுக்குத்தான் முதல் அடி. அதனால்தான் கால்விரலில் மதமதப்பு தொடங்குகிறது, பிறகு கைவிரல் நுனி. அப்புறம் கெண்டைக்கால் சூம்பும், படியேற முடியாது, பாதம் தொங்கிப்போகும். பசையில் மெத்தில் எத்தில் கீட்டோனும் கலந்திருந்தால் பாதிப்பு இன்னும் கடுமையாகும்.

இது புதுசும் இல்லை. 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே செருப்பு ஒட்டியவர்களில் 93 பேருக்கு இந்த நரம்புநோய் இருந்தது பதிவாகியிருக்கிறது. 2009-இல் சீனாவின் சூச்சோ நகரில், ஆப்பிள் கம்பெனிக்குத் திரை செய்துகொடுத்த வின்டெக் ஆலையில், ஆல்கஹாலைவிடச் சீக்கிரம் காய்கிறது என்று திரைகளை ஹெக்ஸேனால் துடைக்க வைத்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிளே பிறகு ஒப்புக்கொண்டது. இத்தனை பேர் முடங்கிய பிறகும் அதே ஆவிக்குள் இன்னொருவர் உட்கார வேண்டுமா?

மூக்கை நம்பாதீர்கள், வாசனை சீக்கிரமே பழகிவிடும். இந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். தரையோடு தேங்கும். சம்மணமிட்டு ஒட்டுகிறவரும், பக்கத்தில் பாயில் தூங்கும் குழந்தையும் அந்த உயரத்தில்தான் மூச்சுவிடுகிறார்கள். சீலிங் ஃபேன் அதைச் சுழற்றிவிடுமே தவிர வெளியேற்றாது. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டும் வீண்; கரி வடிகட்டி உள்ள மாஸ்க்தான் ஆவியைப் பிடிக்கும். ஒட்டும் இடத்திலேயே ஆவியை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும். வேலை முடிந்ததும் கையைத் தின்னரில் கழுவவே கழுவாதீர்கள்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான்: வேலையை நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று மாதம் நோய் முற்றிக்கொண்டே போகலாம். முறிவு மருந்து கிடையாது. தேற ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். முற்றிவிட்டால் முழுசாகத் தேறாமலும் போகலாம். “இந்த ஆர்டர் முடியட்டும்” என்று இருந்துவிடாதீர்கள்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “நான் பசை வேலை செய்கிறேன்.” சொல்லாவிட்டால் சுகர் டெஸ்ட், சத்து மாத்திரை என்றே மாதங்கள் ஓடிவிடும். நரம்புக் கடத்தல் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். டின் லேபிளைப் போனில் படமெடுத்துக் காட்டுங்கள். லேபிளே இல்லாத டின் என்றால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.