மனக்குறையை எழுதத் தெரிய வேண்டும்

வங்கிகளிலும் கொழும்பின் பெரிய கம்பனிகளிலும் தொழில் செய்யும் எமது பிள்ளைகள் பலர் மாதாமாதம் தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சங்கம் நிர்வாகத்துடன் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தை வாசித்தவர்கள் மிகக் குறைவு. சம்பள உயர்வு எவ்வளவு, போனஸ் எத்தனை மாதம் என்ற இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு மடித்து வைத்து விடுகிறார்கள்.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, கூட்டு ஒப்பந்தம் தொழில் ஆணையாளருக்கு அனுப்பப்பட்டு வர்த்தமானியில் வெளியானதும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதிலுள்ள நிபந்தனைகள் ஒவ்வொரு ஊழியரின் நியமனக் கடிதத்திலும் எழுதப்பட்டது போலவே கொள்ளப்படும். ஆகவே அதை மீறினால் உடைவது சங்கத்தின் ஒப்பந்தம் மட்டுமல்ல, உங்களுடைய ஒப்பந்தமும்தான். இத்தகைய ஒப்பந்தங்கள் பலவற்றில் மனக்குறைகளைத் தீர்க்கும் நடைமுறைக்கென்றே ஒரு வாசகம் இருக்கும். எமது ஆட்கள் தாண்டிப் போகும் பக்கம் அதுதான்.

அண்மையில் ஒரு தம்பி கடைக்கு வந்து, "நாநா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மூன்று பக்கக் கடிதமொன்றைத் தந்தார். ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் 12.15க்கு ஜும்ஆவுக்குப் போய் 1.45க்குத் திரும்பி, அந்த நேரத்தை மாலையில் ஈடுசெய்வது அங்கு பல வருட வழக்கம். புதிதாக வந்த முகாமையாளர் அதை நிறுத்தி, நான்கு வெள்ளிக்கிழமைகளுக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டி, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்துவிட்டார்.

தம்பியின் கடிதத்தில் மார்க்கத்தை அவமதித்தார், இனவாதி, சமூகம் பொறுக்காது என்றெல்லாம் இருந்தது. வெட்டப்பட்ட நாட்களின் திகதி ஒன்றுகூட இல்லை. எவ்வளவு பணம் என்று இல்லை. என்ன வேண்டும் என்றும் இல்லை.

நானும் ஆட்களை வைத்து வேலை வாங்குபவன். முதலாளி ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன், இப்படியான கடிதத்துக்குப் பதில் எழுதுவது மிகவும் இலகு. "நாம் எந்த மதத்தையும் அவமதிக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். அதன்பின் பேச்சு முழுவதும் முகாமையாளரின் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றியதாகிவிடும். அதை யாரால் நிரூபிக்க முடியும்? சம்பளச் சீட்டில் இருக்கும் கழிவை மட்டும் மறுக்க முடியாது.

கிளைச் சங்கச் செயலாளருடன் உட்கார்ந்து கடிதத்தை ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு திகதிகள், வெளியே போன நேரம், திரும்பிய நேரம், மாலையில் கூடுதலாக நின்ற நேரம், வெட்டப்பட்ட தொகை. பிறகு, நடைமுறையில் இருக்கும் சலுகைகள் குறைக்கப்படலாகாது என்று அவர்களது ஒப்பந்தத்திலிருந்த வாசகத்தின் இலக்கம். அந்த வழக்கம் எத்தனை வருடமாக இருந்தது என்பதற்குப் பழைய வரவுப் பதிவேட்டின் பிரதிகளும், கூட வேலை செய்யும் சிங்களச் சகோதரர் இருவரின் கையொப்பமிட்ட கூற்றுகளும் இணைக்கப்பட்டன. (அந்த இருவரின் கூற்றுகளுக்குத்தான் பெறுமதி அதிகம் என்பது என் கருத்து.) கடைசியில் கோரிக்கை: வழக்கம் தொடர வேண்டும், வெட்டிய பணம் திரும்ப வேண்டும், எச்சரிக்கைக் கடிதம் கோவையிலிருந்து அகற்றப்பட வேண்டும்.

கோரிக்கையை எழுதாமல் விடுவது பலர் செய்யும் தவறு. "நியாயம் வழங்கவும்" என்றால் நிர்வாகம் தனக்கு வசதியான நியாயத்தை வழங்கும்.

அடுத்தது ஒழுங்கு. முதலில் நேரடி மேலதிகாரி, பிறகு கிளைச் சங்கம் ஊடாக நிர்வாகம், அதற்குப் பிறகே தாய்ச் சங்கமும் இலங்கை முதலாளிமார் சம்மேளனமும் என்று படிகள் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் நாள் கணக்கும் இருக்கலாம். நேரே பணிப்பாளருக்கோ அமைச்சருக்கோ எழுதினால் "நடைமுறை பின்பற்றப்படவில்லை" என்று திருப்பி விடுவார்கள். கையளிக்கும் கடிதத்தின் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் பதிவுத் தபால் இருக்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவின் 282ஆம் வசனம் இவ்வளவு விரிவாகக் கூறியிருக்க, எமது ஆட்கள் வாய்ப்பேச்சை நம்புவது எனக்கு விளங்குவதில்லை.

பிணக்கு தீரும்வரை தம்பி ஒவ்வொரு வியாழனும் மறுநாளுக்கான குறுகிய விடுமுறையை எழுத்தில் கேட்டார். சொல்லாமல் எழுந்து போயிருந்தால் ஒழுக்காற்று விசாரணைக்கு அவரே வழி திறந்து கொடுத்திருப்பார். மூன்று கிழமைக்குப் பிறகு பணம் திரும்பக் கிடைத்தது, ஜும்ஆ நேரமும் கிடைத்தது. எச்சரிக்கைக் கடிதம் மட்டும் இன்னும் கோவையில் இருக்கிறது. சங்கம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது.

சங்கம் இல்லாத இடங்களைப் பற்றியும் கேட்பீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கமொன்றைப் பதிவு செய்யலாம். ஆனால் தன் அங்கத்தவர்கள் ஊழியர்களில் 40 வீதமாவது இருக்கும் சங்கத்துடன்தான் பேரம் பேச மறுக்கக் கூடாது என்று 1999ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. எமது சொந்தக் கடைகளில் வேலை செய்வோருக்குப் பெரும்பாலும் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. அவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டமும் தொழில் திணைக்களமும் இருக்கின்றன. அந்தச் சட்டப்படி, வேலைக்குச் சேரும் நாளிலேயே சம்பளம் முதலிய விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஹாஜிமார் இதைக் கவனிப்பார்களாக.

வேலையிலிருந்தே நிறுத்தப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாத காலம் மட்டுமே உண்டு. "முதலாளி கூப்பிடுவார்" என்று காத்திருந்தாலும் அந்த நாட்களும் கணக்கில் சேரும்.